துட்டி கேட்க வந்தவர்கள்

பிப்ரவரி 9, 1978. வியாழன்

தூக்கம் வராவிட்டால் தினமும் நாலு வரி எழுது அம்மா என்று ஹெப்சி போனில் சொன்னாள். மகளாக இருந்தாலும் நர்ஸ் சொன்னால் கேட்க வேண்டியதுதான். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தாலும் பார்க்க ஆள் இல்லை.

இன்று பள்ளிக்கூடச் சமையலறையில் மீன் துண்டும் மக்காச்சோளமும். தட்டு கழுவுகிற மெஷின் மறுபடியும் நின்றுபோனது. லூபேயும் நானும் கையாலேயே கழுவினோம். வீட்டுக்கு வந்து ரொட்டி தின்றேன். ஒருத்திக்காக உலை வைக்க மனசு வரவில்லை.

நவம்பரில் என் வீட்டுக்காரர் இறந்தபோது இந்தத் தெருவே சாப்பாடு கொண்டுவந்தது. கண்ணாடிப் பாத்திரத்தில் மாக்கரோனி, சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு. வாசலில் நின்று கையைப் பிடித்து, சாரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல ஜனங்கள். ஆனால் ஒருவராவது உள்ளே வந்து உட்கார்ந்து, எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. நாகர்கோவிலுக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் துட்டி கேட்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அதுதான். வீட்டுக்காரி, அன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். என்ன சாப்பிட்டார், என்ன சட்டை போட்டிருந்தார், கடைசியாக என்ன பேசினார். அடுத்த ஆள் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. சொல்லிச் சொல்லித்தான் அந்த நாள் தொண்டையை விட்டு இறங்கும்.

நான் இன்னும் ஒரு தரம்கூட முழுசாகச் சொல்லவில்லை. ஹெப்சி அடக்கத்துக்கு வந்திருந்தாள். ஆரம்பித்தால் அவள் அழுதுவிடுவாள், நான் நிறுத்திவிடுவேன். அப்புறம் அவள் சிக்காகோவுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

பிப்ரவரி 12. ஞாயிறு

மழை. சமையலறை மூலையில் கூரை ஒழுகுகிறது. வாளி வைத்தேன்.

பிப்ரவரி 18. சனி

பக்கத்து வீட்டு மிஸ்டர் ஹாட்ஜ் வந்தார். ரயிலில் கார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இவரும் அவரும் சேர்ந்துதான் இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி போட்டார்கள். ஒருவர் இங்கிலீஷ் இன்னொருவருக்குப் புரியாது, வேலி மட்டும் நேராக நிற்கிறது.

இவர்கள் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான். எனக்கு எப்படி விளங்கியதோ அப்படியே நம் பேச்சில் எழுதுகிறேன்.

கையில் அட்டையும் பேனாவும் வைத்திருந்தார். வீட்டு வரியைக் குறைக்க ஜூன் மாதம் ஓட்டு நடக்கப் போகிறதாம். ஓட்டுச் சீட்டில் அதற்குப் பதின்மூன்றாம் நம்பர். வீட்டு விலை ஏற ஏற வரியும் ஏறுகிறது, கிழடுகள் எல்லாம் வீட்டை விற்றுவிட்டு ஓடுகிறார்கள் என்றார். எனக்கும் அந்தப் பயம் உண்டு. போன வருஷத்தைப்போல இரண்டு மடங்கு வந்திருக்கிறது. ஹெப்சி, வீட்டை விற்றுவிட்டு இங்கே வா என்கிறாள். இந்தச் சமையலறைத் தரையை அவர் மண்டியிட்டு ஒட்டினார். எப்படி விற்க.

குளிர்பெட்டிக் கதவில் மாட்டியிருந்த வரிக் கடிதத்தை மிஸ்டர் ஹாட்ஜ் பார்த்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"அவர் போன அன்னைக்கு."

மிஸ்டர் ஹாட்ஜ் தொப்பியை எடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அன்னைக்கு என்ன நடந்துச்சு, மிஸஸ் முத்து?" என்று கேட்டார்.

தவசிமுத்து என்று சொல்ல வராமல் இவர்கள் அவரை முத்து என்று கூப்பிடுவார்கள். நான் மிஸஸ் முத்து.

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கையாலும் காட்டிச் சொன்னேன். அவருக்கு அன்று மத்தியான ஷிப்ட், ஆஸ்பத்திரி பாய்லர் அறையில். லேட்டாக எழுந்தார். நீலச் சட்டை. இட்லி அவித்தேன். தபால் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே போய்க் கடிதத்தை எடுத்துவந்தார். வெண்ணெய்க் கத்தியால் கிழித்துப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஞானம், நாம பணக்காரம்மாரு ஆயாச்சு. கவர்மெண்டே எழுதி அனுப்பியிருக்கான்" என்றார். கட்டுவதற்கு எங்கே போக என்று நான் கேட்டேன். "போட்டும், பிள்ளையளு படிக்கதுக்குத்தானே" என்றார். இங்கே பள்ளிக்கூடமெல்லாம் ஓடுவது வீட்டு வரியில்தான். கடிதத்தைச் சட்னிக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தார். சாம்பார் ஊற்ற அடுப்புப் பக்கம் திரும்பினேன். கரண்டி விழுகிற சத்தம் கேட்டது.

மூலைத் தீயணைப்பு நிலையத்திலிருந்து நாலு பேர் வந்ததைச் சொன்னேன். இங்கே உயிருக்கு ஆபத்து என்று கூப்பிட்டால் முதலில் வருவது அவர்கள்தான். போனை நான் கொக்கியில் திருப்பி மாட்டுமுன் வண்டிச் சத்தம் கேட்டுவிட்டது. பூட்ஸோடு வந்தார்களே என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. எல்லாம் முடிந்த பிறகு அவர்களில் ஒருவர், மீசைக்காரர், என் கைத்துணியை எடுத்து மண்டியிட்டு அந்தத் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்.

மிஸ்டர் ஹாட்ஜுக்குக் கண் சிவந்துவிட்டது. "இதை நாலு பேர் கேக்கணும்மா" என்றார்.

பிப்ரவரி 20. திங்கள்

பள்ளி விடுமுறை. காலை ஒன்பது மணி வரை தூங்கினேன்.

மார்ச் 5. ஞாயிறு

ஆராதனை முடிந்து மிஸ்டர் ஹாட்ஜ் வீட்டில் காபிக் கூட்டம். வரி விஷயம் பேசத் தெருக்காரர்கள் இருபது பேருக்கு மேல். வெறுங்கையாக எப்படிப் போக? அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டு போனேன். மிஸஸ் ஹாட்ஜ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெர்னா என்று பெயர். வாயே திறக்காத மனுஷி. உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு இரும்பு அச்சை எடுத்துவந்தார். கம்பியில் மாட்டிய பூ. என்னுடையதைப் போலவே. அவருடைய அம்மா நார்வேயிலிருந்து கொண்டுவந்ததாம், கிறிஸ்துமஸுக்கு இதையேதான் சுடுவார்களாம். தேங்காய்ப்பால் மட்டும் கிடையாது.

"எண்ணெயில அச்சை முதல்ல காய வைப்பீங்களா?" என்று கேட்டார்.

"காய வைக்காம மாவு ஒட்டாதே."

"அதான். என் மருமகளுக்குச் சொன்னா விளங்க மாட்டேங்குது."

பிறகு மிஸ்டர் ஹாட்ஜ் என்னைச் சொல்லச் சொன்னார். நான் இட்லியிலிருந்து சொன்னேன். யாரும் இடையில் பேசவில்லை. ஒரு அம்மாள் எழுந்துவந்து என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஊரில் இருப்பது மாதிரி இருந்தது.

மார்ச் 14. செவ்வாய்

லூபே என்னைப் பார்த்து, "முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கே, யாராவது கிடைச்சாச்சா?" என்றாள். மெக்சிகோக்காரி. வாய் ஜாஸ்தி. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள்.

கூட்டத்துக்குப் போவதைச் சொன்னேன். ரொட்டி அடுக்குவதை நிறுத்தினாள்.

"அந்தப் பதின்மூணாம் நம்பரா? அது ஜெயிச்சா நம்ம சமையலறையைத்தான் முதல்ல மூடுவாங்களாம். சூபர்வைசரம்மா சொல்லுது."

"அப்படியெல்லாம் மூட மாட்டாங்க. பிள்ளைக சாப்பிட வேண்டாமா."

"உன் கூட்டத்துல கேட்டுப் பாரு, வேணுமான்னு."

கேட்கவில்லை. நான் அங்கே போவது அதற்காகவா.

ஏப்ரல் 1. சனி

நாலாவது கூட்டம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வீடு. எல்லா வீட்டிலும் நான்தான் கடைசியில் பேசுகிறேன்.

போகிற வழியில் மிஸ்டர் ஹாட்ஜ் தன்மையாகச் சொன்னார்: "மிஸஸ் முத்து, தப்பா எடுத்துக்காதீங்க. ஜனங்களுக்கு நேரம் இல்ல. அந்த இட்லி, சட்டை எல்லாம் விட்டுட்டு லெட்டர்லருந்து ஆரம்பிங்க."

சரி என்றேன். நமக்காக அலைகிற மனுஷன். லெட்டரிலிருந்து ஆரம்பித்தேன். இன்னும் கூடுதலாக அழுதார்கள்.

மஞ்சள் சட்டை போட்ட ஒரு அம்மாள், நம்ம வரியில் யார் யாருடைய பிள்ளைகளோ ஓசியில் சாப்பிடுகிறார்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். என் பக்கம் திரும்பி, "உங்களைச் சொல்லல. நீங்க உழைக்கிறவங்க" என்றார். ஓசிச் சாப்பாட்டைப் பரிமாறுகிறவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. காபி டம்ளர்களைச் சேர்த்து எடுத்துவைத்தேன்.

முடிந்ததும் என் வீட்டு முன்னால் என்னை நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். வெள்ளைச் சேலை உடுத்தச் சொன்னார்கள். உடுத்தேன். சிரிக்கச் சொல்லாத போட்டோக்காரரை இந்த ஊரில் இன்றுதான் பார்த்தேன்.

ஏப்ரல் 10. திங்கள்

வரியின் இரண்டாம் தவணைக்குக் கடைசி நாள். லீவு கேட்டு நேரில் போய்க் கட்டினேன். அவர் தபாலில் அனுப்பவே மாட்டார். இஸ்திரி போட்ட சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி போவார். திரும்பும்போது பள்ளிக்கூட வேலியோரம் கொஞ்ச நேரம் நின்று பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பார். "நம்ம பங்கு ஓடுது பாத்தியா" என்பார்.

இதைக் கூட்டத்தில் சொன்னேனா, இல்லையா. இல்லை என்று நினைக்கிறேன்.

மே 6. சனி

தபாலில் நோட்டீஸ் வந்தது. எல்லா வீட்டுக்கும் வந்திருக்கிறது. மேலே என் படம், வெள்ளைச் சேலையில். கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். வரிக் கடிதம் இவருடைய கணவரைக் கொன்றது என்று போட்டிருந்தார்கள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. கடிதம் வந்தது, படித்தார், மேசையிலேயே போனார் என்றுதான் சொன்னேன். அது நிஜம்தானே.

ஹெப்சிக்கு யாரோ நோட்டீஸைப் போனில் படித்துக் காட்டி, அவள் கூப்பிட்டாள்.

"அப்பாக்கு ரெண்டு வருஷமா பிரஷர் அம்மா. மாத்திரையை எடுத்தாவளான்னு நான் வாரம் வாரம் கேப்பேன்."

"எனக்குத் தெரியாதா மக்களே."

"அப்ப ஏன் இப்படிப் போட விட்ட?"

"அவங்க வந்து கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"எப்படி ஆச்சுன்னு."

கட்டணம் ஏறுது, வை என்றேன்.

மே 8. திங்கள்

லூபே நோட்டீஸை நாலாக மடித்துக் கொண்டுவந்து வெங்காயப் பலகைமேல் விரித்தாள்.

"போட்டோவுல நல்லாத்தான் இருக்க. இதைச் சொல்லி அழறதுக்கு நாங்க இங்க இல்லையா? தினம் உன் பக்கத்துலதானே நிக்கேன்?"

"நீ கேக்கல்லியே."

"கேட்டா நீ அழுவியேன்னு கேக்கல."

இன்றைக்கு வெங்காயம் நிறைய இருந்தது. நல்லதாகப் போயிற்று.

மே 20. சனி

பெரிய மண்டபம். முந்நூறு பேர் இருப்பார்கள். டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்திருந்தார், கெண்டல் என்று பெயர். நவம்பர் தேர்தலுக்கு நிற்கப் போகிற யாருக்கோ வேலை பார்க்கிறாராம். மேடையில் அவர் பேசினார். "இது வீட்டு வரியோட நிக்கப் போறதில்ல. இது ஆரம்பம். அடுத்து வருமான வரி, அப்புறம் வாஷிங்டன். சர்க்கார் நம்ம முதுகுல ஏறி உக்காந்திருக்கு, இறக்கி விடணும்." சனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கோபமும் சந்தோஷமும் சேர்ந்த முகங்கள். நம் ஊரில் கட்சிக் கூட்டத்தில் பார்த்த அதே முகங்கள்.

எனக்கு ஒரு நிமிஷம் கொடுத்தார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "லெட்டர் வந்தது. என் கணவர் திறந்தார். அந்த மேசையிலேயே செத்துப்போனார்." முடிந்தது. மண்டபம் அதிர்ந்தது. ஒருத்தர் விசில் அடித்தார். துட்டி வீட்டில் விசில்.

வெளியே மிஸஸ் ஹாட்ஜ் காரில் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் ஏறினேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"முதல் கூட்டத்துல, அவர் சிரிச்சார்னு சொன்னீங்களே. அதை ஏன் விட்டுட்டீங்க?"

"சிரிச்சாரா?" என்றேன் நான்.

அப்படித்தான் என் வாயில் வந்தது.

மே 21. ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காலையிலிருந்து மேசை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கிறேன். கடிதம் வருகிறது. திறக்கிறார். கரண்டி விழுகிறது. நடுவில் இருந்ததெல்லாம் எங்கே? இட்லி வைத்தேன், தெரியும். சாப்பிட்டாரா, சாப்பிடாமலே போனாரா? கடிதத்தைப் பிடித்த கை தெரிகிறது, வாய் தெரியவில்லை.

பசியோடு போனாரோ.

மே 24. புதன்

மிஸ்டர் ஹாட்ஜ் வந்தார், இன்னொரு கூட்டமாம். காய்ச்சல் என்றேன். எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 6. செவ்வாய்

ஓட்டுப் போடுகிற இடம் மூலைத் தீயணைப்பு நிலையம். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே மறைப்புத் தட்டிகளை வைத்திருந்தார்கள். வேலை முடிந்து சமையலறை உடுப்போடே போனேன். வரிசை தெரு வரைக்கும்.

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னையே பார்த்தார். மீசை. பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

"நீங்க அந்த மஞ்சள் வீட்டு அம்மாதானே? நவம்பர்ல வந்தோமே."

ஆமாம் என்றேன்.

"எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்."

அவர் போகவில்லை. கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. கேக்கலாமா?"

நோட்டீஸைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கு மேசையில ஒரு தட்டு இருந்துச்சு. வெள்ளையா, வட்டமா. நுரை மாதிரி. அது என்ன சாப்பாடு?"

"இட்லி. அரிசியும் உளுந்தும் அரைச்சு அவிக்கது."

"இட்லி." அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அவர் ஒண்ணைப் பாதி தின்னிருந்தாரு. ஓரத்துல ஒண்ணு முழுசா இருந்துச்சு. நான் தட்டை எடுத்துத் தொட்டியில வைக்கலாமான்னு நினைச்சேன். அப்புறம், நீங்களே எடுக்கட்டும்னு விட்டுட்டேன். தப்போன்னு இருந்துச்சு."

"இல்ல," என்றேன். "தப்பில்ல."

நான் வைத்தது நாலு. அப்படியென்றால் இரண்டரை தின்றிருக்கிறார். வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, இடம் விட்டு நின்றாள். உள்ளே போனேன். சீட்டைச் சொருகி, ஊசியால் ஓட்டை போட வேண்டும். பதின்மூன்று எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை, எல்லாரும் அதையே குத்திக் குத்தி அந்த இடம் நைந்திருந்தது. ஊசியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பின்னால் யாரோ இருமினார்கள்.

குத்திவிட்டு வந்தேன்.

ஜூன் 7. புதன்

ஜெயித்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு என்று டிவியில் சொன்னார்கள். தெருவில் கார் ஹாரன். மிஸ்டர் ஹாட்ஜ் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டை உங்ககிட்ட இருந்து இனி யாரும் எடுக்க முடியாது" என்றார். அழுதார். மனுஷன் பொய் சொல்கிறவர் இல்லை. நிஜமாகவே அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனக்கும் நிம்மதிதான். இல்லை என்று எழுதினால் அது பொய்.

ஜூன் 16. வெள்ளி

பள்ளியின் கடைசி நாள். சூபர்வைசரம்மா எங்கள் அஞ்சு பேரையும் சேமிப்பறையில் நிறுத்திச் சொன்னார். கோடைப் பள்ளி இந்த வருஷம் கிடையாது, சாப்பாடும் கிடையாது. செப்டம்பரில் இரண்டு பேருக்குத்தான் இடம். கடைசியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் போக வேண்டும். லூபேயும் நானும் ஒரே மாசத்தில், கடைசியாகச் சேர்ந்தவர்கள்.

ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தோம். வெளியே வந்ததும் லூபே, "வீட்டுக்குக் கொண்டு விடட்டுமா? உன் வீடுதான் இப்ப பத்திரமா இருக்கே" என்றாள்.

நடந்தே போகிறேன் என்றேன். வழியில் விளையாட்டு மைதான வேலி. பிள்ளைகள் யாரும் இல்லை.

ஜூலை 5. புதன்

மூலை நிலையத்துக் கதவு இழுத்து மூடியிருக்கிறது. வண்டியையும் ஆட்களையும் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள நிலையத்தோடு சேர்த்துவிட்டார்களாம். மீசைக்காரர் பெயரைக் கேட்டுவைத்திருக்கலாம்.

ஜூலை 9. ஞாயிறு

லூபே வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, உள்ளே விடாமல் நின்றாள். அச்சு முறுக்கு டப்பாவை நீட்டினேன்.

"இது என்ன, மன்னிப்பா?"

"பலகாரம்."

ஒன்றைக் கடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். "எங்க ஊர்லயும் இது உண்டு. நாங்க மேல சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவுவோம்." பிறகு வழிவிட்டாள். சர்ச் சந்தையில் இதைப் போட்டால் விற்கும் என்று சொன்னதும் அவள்தான்.

ஜூலை 22. சனி

காலையிலிருந்து என் அடுப்படியில் லூபேயும் நானும் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தோம், நாளைச் சந்தைக்கு. அவளுக்கு அச்சு பிடிபடவில்லை. மாவு எண்ணெயில் விழுந்து உருண்டையாகி மிதக்கிறது. "இது என் ஜாதி முறுக்கு" என்று அதையும் எடுத்து அடுக்குகிறாள்.

பத்து மணிக்கு மிஸ்டர் ஹாட்ஜும் மிஸஸ் ஹாட்ஜும் வந்தார்கள், கூடவே கெண்டல். வாசலில் கார் ஓடிக்கொண்டே நின்றது. பஸ் பிடித்துப் பல ஊர் போகிறார்களாம், நவம்பர் தேர்தலுக்கு. வேறு மாநிலங்களிலும் இதே மாதிரி ஓட்டு வரப் போகிறதாம். நான் வர வேண்டும், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

"உங்க கதைதாம்மா இந்த ஊரை ஜெயிக்க வச்சது," என்றார் கெண்டல். "ஒரு நிமிஷம் பேசினாப் போதும். அந்த வெள்ளைப் புடவையை எடுத்துக்குங்க."

"உள்ள வாங்க. உக்காருங்க," என்றேன்.

"நேரம் இல்லையே."

"உக்காருங்க தம்பி. துட்டி வீட்டுல நின்னுக்கிட்டுக் கேக்கப்பிடாது."

உட்கார்ந்தார், நாற்காலி நுனியில். நான் அடுப்பை அணைத்தேன். என் வீட்டுக்காரர் வழக்கமாக உட்கார்கிற இடத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தேன்.

"முந்தின நாள் ராத்திரி மாவு ஆட்டி வச்சேன். குளிருக்கு நல்லாப் பொங்காது, அடுப்புப் பக்கத்துல கம்பளி சுத்தி வச்சேன்."

கெண்டல் மிஸ்டர் ஹாட்ஜைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. மீசைக்காரரைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரியே, பிப்ரவரியில் எழுதிவைத்ததைத் திருப்பிப் படித்திருந்தேன். காலையில் அவர் எழுந்தது, முகம் கழுவும்போது பாடின பாட்டு, நீலச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது. தபால் வண்டி. வெண்ணெய்க் கத்தி. அவர் சிரித்தது. பணக்காரர்கள் ஆகிவிட்டோம் என்றது. கட்ட எங்கே போக என்று நான் கேட்டதற்கு, போகட்டும், பிள்ளைகள் படிப்பதற்குத்தானே என்றது.

"மன்னிக்கணும்," என்றார் கெண்டல். "அந்த இடம் வேண்டாம். அது நம்ம விஷயத்துக்குச் சரியா வராது."

"அவரு சொன்னாரே," என்றேன்.

லூபே அடுப்புப் பக்கத்திலிருந்து வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். கையெல்லாம் மாவு. நான் தொடர்ந்தேன். இரண்டு இட்லி சாப்பிட்டு முடித்தார். மூன்றாவதில் பாதி. சாம்பார் கேட்டார். நான் திரும்பினேன். கரண்டி விழுந்தது. கெண்டல் எழுந்து, காரில் இருக்கிறேன் என்று மிஸ்டர் ஹாட்ஜிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். நான் தீயணைப்புக்காரர்கள் பூட்ஸோடு வந்ததைச் சொன்னேன். போனைத் திருப்பி மாட்டுமுன் சத்தம் கேட்டதைச் சொன்னேன்.

"இனி அவ்வளவு சீக்கிரம் வராது," என்றாள் லூபே. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

மிஸ்டர் ஹாட்ஜ் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். மீசைக்காரர் துடைத்த இடத்தைக் காலால் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். வெளியே ஹாரன் ஒரு தரம் அடித்தது. மறுபடியும் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மிஸஸ் ஹாட்ஜ் போய்ச் சன்னலைச் சாத்தினார்.

"நான் முதல்லயே இதெல்லாம் கேட்டேன்," என்றார் மிஸ்டர் ஹாட்ஜ். "எல்லாத்தையும் கேட்டேன்."

"ஆமா," என்றேன். "நீங்க மட்டும்தான் கேட்டீங்க."

கார் போகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். எண்ணெய் ஆறிப்போயிருந்தது. மறுபடி காய நேரம் ஆகும். மிஸஸ் ஹாட்ஜ் கையைக் கழுவிவிட்டு வந்து, "அந்த அச்சை இங்க கொடுங்க" என்று லூபேயிடம் கேட்டார். லூபே கொடுக்கவில்லை. எண்ணெயில் முக்கிப் பிடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பாதி இட்லியை என்ன செஞ்ச?"

இதை யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

"தின்னேன்," என்றேன்.